நெல்லைக்கு நாம் கொடுக்கும் அல்வா

போன மாதம் என் நண்பர் ஒருவர் குடும்பத்தோடு திருநெல்வேலி போய்விட்டு வந்தார். வேன் வைத்துக்கொண்டு, பெரியவர் சின்னவர் எல்லாம் சேர்த்துப் பதினோரு பேர். ஊர் திரும்பியதும் வீடு தேடி வந்து அரை கிலோ அல்வா பொட்டலத்தைக் கையில் கொடுத்தார்.

“செம ட்ரிப் சார்! அருவிக் குளியல், பரோட்டா, அல்வா... மூணு நாள் போனதே தெரியல.”

“ஆறு பார்த்தீங்களா?”

“எந்த ஆறு?”

சத்தியமாக இப்படித்தான் கேட்டார். அவர் ரூம் போட்டிருந்தது வண்ணாரப்பேட்டையில். அல்வா வாங்கப் போனது நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, டவுனில். இரண்டுக்கும் நடுவில் ஓடுவது தாமிரபரணி. போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை பாலத்தைத் தாண்டியிருக்கிறார். பதினோரு பேரில் ஒருவர்கூட ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்க்கவில்லை. அல்வாக் கடையில் க்யூ எவ்வளவு நீளம் என்று கவலையாக இருந்திருக்கும்!

அவரைக் கிண்டல் செய்ய இதை எழுதவில்லை. (அல்வா பிரமாதம். சாப்பிட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) நீங்களும் நானும் ஊர் சுற்றுகிற லட்சணம் இதுதான் என்பதற்காக எழுதுகிறேன். கோபம் வந்தால் கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

*

திருநெல்வேலி ரொம்பப் பெரிய ஊர் கிடையாது. 2011 சென்சஸ்படி நாலே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே ஜனத்தொகை. 1994-ல்தான் மாநகராட்சி ஆனது. சென்னையில் ராத்திரி ரயிலேறினால் காலை காபிக்கு ஜங்ஷனில் இறங்கிவிடலாம். பட்டணத்துக்காரர்கள் லீவுக்கு ஏங்கும் எல்லாமே அங்கிருந்து ஒன்றிரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. மேற்கே பாபநாசம், அகஸ்தியர் அருவி, மணிமுத்தாறு. அதையெல்லாம் சுற்றி, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமான களக்காடு முண்டந்துறைக் காடு. இன்னும் கொஞ்சம் போனால், 2019-ல் தனி மாவட்டமாகிவிட்ட தென்காசிப் பக்கம் குற்றாலம். தெற்கே கூந்தன்குளத்தில் பறவைகள்.

எல்லாவற்றையும்விட, ஊருக்கு நடுவிலேயே ஓர் ஆறு. படித்துறை, மருத மரம், ஆற்றுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயில். ரிசார்ட்காரன் ‘ரிவர் வியூ’ என்று போர்டு மாட்டி ஒரு ராத்திரிக்கு எட்டாயிரம் ரூபாய் கேட்கிற சமாசாரம். இங்கே ஊருக்கே பொது.

அந்த ஆற்றைப் பற்றி ஒரு வரி. பொதிகை மலையில் பிறந்து, சுமார் 125 கிலோமீட்டர் ஓடி, புன்னக்காயல் பக்கம் கடலில் சேர்கிறது. காவிரிக்குக் கர்நாடகத்திடம் கையேந்த வேண்டும். பாலாற்றுக்கு ஆந்திராவைப் பார்க்க வேண்டும். தாமிரபரணிக்கு அந்தப் பஞ்சாயத்தே கிடையாது. நம் மண்ணிலேயே பிறந்து நம் மண்ணிலேயே முடிகிற பெரிய ஆறு. கெட்டுப்போனால் பக்கத்து மாநில முதலமைச்சரைத் திட்ட முடியாது. நம்மைத்தான் நாம் திட்டிக்கொள்ள வேண்டும்.

*

சாப்பாட்டுக்கு வருவோம். அதற்காகத்தானே போகிறோம்!

திருநெல்வேலி அல்வாவுக்கு என்னென்ன வேண்டும்? சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் எடுத்து, புளிக்க வைத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கை ஓயக் கிண்ட வேண்டும். கோதுமை அந்த ஊரில் விளைவதில்லை. சர்க்கரையும் நெய்யும் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். அப்புறம் ஏன் அதே அல்வா மாம்பலத்தில் வரமாட்டேன் என்கிறது? ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்லும் பதில்: தண்ணீர்.

அல்வா மட்டுமில்லை. ஆற்றங்கரையோடு நடந்து வாருங்கள். கல்லிடைக்குறிச்சி வந்தால் அப்பளம். சேரன்மகாதேவி பக்கம் வந்தால் பத்தமடைப் பாய். கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, கிழித்து, நூல் மாதிரி ஆக்கி நெய்கிறார்கள். கைக்குட்டை மாதிரி மடித்துவிடலாம். இப்படி அந்த ஊரின் கைமணம் எல்லாம் ஆற்றங்கரையில்தான் வளர்ந்திருக்கிறது.

இப்போது நாம் என்ன செய்கிறோம் என்று பாருங்கள். சனிக்கிழமை காலை பாபநாசம் போகிறோம். தலைக்கு எண்ணெய், உடம்புக்கு சோப்பு, அப்புறம் ஷாம்பு. கிழித்த பாக்கெட் பாறை இடுக்கில். பரிகாரம் என்று யாரோ சொன்னதை நம்பி, கட்டியிருந்த துணியை ஆற்றிலேயே அவிழ்த்து விடுகிறோம். அந்தத் துணிகளைத் தன்னார்வலர்கள் வண்டி வண்டியாக அள்ளுகிறார்கள். அள்ளி முடித்த மறுவாரம் மறுபடி அதே அளவு. நம் பாவம் தொலைந்ததோ இல்லையோ, ஆற்றில் மீனுக்கு நீந்த இடம் தொலைந்தது.

அந்தத் தண்ணீர் அங்கேயேவா நிற்கும்? அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று சுமார் ஐம்பது கிலோமீட்டர் இறங்கித் திருநெல்வேலிக்கு வரும். சனிக்கிழமை மாலை நாமும் திருநெல்வேலிக்கு வருகிறோம். “தாமிரபரணித் தண்ணியில செஞ்ச ஒரிஜினல்தானே?” என்று கடைக்காரரிடம் அதட்டிக் கேட்டு இரண்டு கிலோ வாங்குகிறோம்.

ஏமாற்றுவதற்குத் தமிழில் ‘அல்வா கொடுப்பது’ என்று பெயர். அந்த ஊர் நமக்குக் கொடுக்கும் அல்வாவுக்குக் காசு வாங்குகிறது. நாம் அந்த ஊருக்குக் கொடுக்கிற அல்வா இலவசம்.

*

நான் பி.காம். படித்தவன். படித்ததில் முக்கால்வாசி மறந்துவிட்டது. முதல் வருஷம் சொல்லிக்கொடுத்த ஒன்று மட்டும் மறக்கவில்லை: பெறுபவர் கணக்கில் பற்று, கொடுப்பவர் கணக்கில் வரவு.

என் நண்பரின் ட்ரிப்புக்கு இந்த முறையில் ஒரு கணக்கு எழுதிப் பார்த்தேன். வேன்காரருக்கு வாடகை கொடுத்தார். லாட்ஜுக்கு வாடகை கொடுத்தார். பரோட்டாக் கடைக்கும் அல்வாக் கடைக்கும் பில் கொடுத்தார். எல்லாக் கணக்கும் நேராகிவிட்டது. ஒரே ஒரு கணக்குதான் மிச்சம். அவருக்கு அதிக சந்தோஷம் கொடுத்தது அருவியும் ஆறும். அந்தக் கணக்கில் அவர் வைத்துவிட்டு வந்தது என்ன? பதினோரு பேரின் சோப்பு நுரை, சில காலி பாட்டில்கள், மாமியாரின் பழைய சேலை ஒன்று.

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார்கள். உபயோகித்தால் தேய்கிற எந்தச் சொத்துக்கும் வருஷா வருஷம் தேய்மானம் எழுத வேண்டும். வேன்காரர் தன் வேனுக்கு எழுதுவார். லாட்ஜ்காரர் தன் ஏ.சி.க்கு எழுதுவார். ஆற்றுக்குத் தேய்மானம் எழுதுகிற நோட்டுப் புத்தகம் யாரிடமும் இல்லை. அதனால் எல்லோரும் லாபத்தில் ஓடுகிற மாதிரித் தெரிகிறது. இந்த மாதிரி பேலன்ஸ் ஷீட் எழுதுகிற கம்பெனி ஒருநாள் திடீரென்று ஷட்டரை இழுத்து மூடும். அன்றைக்குத்தான் பங்குதாரர்களுக்கு விஷயமே தெரியும்.

நான் ரொம்ப யோக்கியன் என்று நினைத்துவிடாதீர்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சித்தப்பா, பெரியப்பா பையன்களோடு பாபநாசத்தில் குளிக்கப் போனேன். இரண்டு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழித்து, தலையில் தேய்த்து, தோலை அப்படியே தண்ணீரில் விட்டேன். பக்கத்துப் படியில் வேட்டியை அலசிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அதைப் பார்த்தார். திட்டவில்லை. இரண்டு படி இறங்கி, போய்க்கொண்டிருந்த பாக்கெட்டை எட்டிப் பிடித்து, பிழிந்து, தன் துண்டு முனையில் முடிந்துகொண்டார்.

அப்புறம் கேட்டார்: “அண்ணாச்சி எந்த ஊரு?”

“சென்னை.”

“போகும்போது அல்வா வாங்குவியள்லா?”

“ஆமா.”

“இந்தத் தண்ணியிலதான் கிண்டுதாவ.”

அவ்வளவுதான். மறுபடி வேட்டியை அலச ஆரம்பித்துவிட்டார். என் சித்தப்பா பையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு அரை மணி நேரம் திட்டியிருந்தாரானால், நான் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு மறந்திருப்பேன்.

*

உங்கள் பதில்கள் எனக்குத் தெரியும். வரிசையாக வருகிறேன்.

முதல் பதில்: “நாங்க வந்து காசு செலவு பண்றதாலதான் சார் அந்த ஊரே பிழைக்குது.”

உண்மைதான், பாதி. செலவு செய்கிறீர்கள். அது யாருடைய கல்லாவுக்குப் போகிறது என்பதைத்தான் மேலே கணக்குப் போட்டுப் பார்த்தோம். அதோடு, இந்த ஆறு டூரிஸ்டுகளுக்காக ஓடவில்லை. திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிப்பது அதைத்தான். கொடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் வழியாக வயலுக்குப் பாய்வதும் அதுதான். விருந்துக்குப் போன வீட்டில் இலைக்கு நூறு ரூபாய் மொய் எழுதிவிட்டோம் என்பதற்காகக் குடிதண்ணீர்ப் பானையில் கை கழுவ முடியுமா?

இரண்டாவது பதில்: “கவர்ன்மென்ட் என்ன பண்ணுது? குப்பைத்தொட்டி வைக்கலாமே!”

வைக்கட்டும். ஆனால் குப்பைத்தொட்டியில் சோப்பு நுரையைப் போட முடியாது. குற்றாலத்தில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று கோர்ட்டே சொல்லி வருஷங்களாகிவிட்டன. அகஸ்தியர் அருவிக்குப் போகிற வழியில் வனத்துறை செக்போஸ்ட்டில் பையைத் திறந்து பார்க்கிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? பாக்கெட்டை டிராயர் பைக்குள் சொருகுகிறோம். பக்கத்தில் நம் பிள்ளை நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ட்ரிப்பில் அது கற்றுக்கொள்ளும் முதல் பாடம் அதுதான்.

மூன்றாவது பதில்தான் கொஞ்சம் கனமானது: “ஊர்க்காரனே சாக்கடையை ஆத்துல விடுறான். எங்களை மட்டும் ஏன் சார் பிடிச்சுக்கிறீங்க?”

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. திருநெல்வேலிக்காரர்கள் காதை மூடிக்கொள்ள வேண்டாம். டவுன் பக்கமும் சரி, ஜங்ஷன் பக்கமும் சரி, உங்கள் வீட்டுக் கழிவு ஆற்றில் கலப்பது உலகத்துக்கே தெரியும். 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகளே நேரில் வந்து கரையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நீதிபதிகள் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய நிலைமையில் ஆற்றை வைத்துக்கொண்டு, “எங்க ஊர் தண்ணி மாதிரி வருமா?” என்று மீசையை முறுக்குவதில் அர்த்தமில்லை. 2018 அக்டோபரில் மகா புஷ்கரம் என்று பன்னிரண்டு நாள் லட்சக்கணக்கான பேர் வந்து முழுகினார்கள். தினம் தினம் ஆரத்தி. ஆரத்தி காட்டிய கையோடு ஒரு சாக்கடைக் குழாயையாவது அடைத்திருந்தால் ஆறு நம்மை இன்னும் கொஞ்சம் ஆசீர்வதித்திருக்கும்.

ஆனால் ஊர்க்காரன் தப்பு செய்கிறான் என்பது எனக்கும் உங்களுக்கும் லைசென்ஸ் ஆகாது. வீட்டுக்காரரே சுவரில் கிறுக்குகிறார் என்பதற்காக, விருந்தாளி கரித்துண்டோடு போகலாமா?

*

இந்தப் பக்கத்தில் எல்லோருமே மோசம் என்று நினைத்துவிடாதீர்கள். சரியாகக் கணக்கு எழுதியவர்களும் இருக்கிறார்கள்.

கூந்தன்குளம் போயிருக்கிறீர்களா? நாங்குநேரிப் பக்கம் ஒரு கிராமம். செங்கால் நாரை, கூழைக்கடா, பூநாரை எல்லாம் சீசனுக்கு வரும். குளத்தில் மட்டுமா, வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டும். குஞ்சுகள் பயந்துவிடும் என்று அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எச்சம் கலந்த குளத்து வண்டலை அள்ளி வயலுக்குப் போடுகிறார்கள். பறவைக்கு நிம்மதி, வயலுக்கு உரம். பற்றும் வரவும் சரியாகிவிட்டது. அரசாங்கம் சரணாலயம் என்று அறிவித்தது 1994-ல். ராம்சர் பட்டியலில் சேர்ந்தது 2022-ல். வெடியைக் கைவிடுவதற்கு அந்த ஊர்ப் பிள்ளைகள் எந்த அறிவிப்புக்கும் காத்திருக்கவில்லை.

இன்னொருவர், என் நண்பர் எட்டிப் பார்க்காமல் தாண்டிய பாலத்தைக் கட்டியவர். சுலோசன முதலியார். கலெக்டர் ஆபீஸில் உத்தியோகம். அதுவரை திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவில் ஓடம்தான். பாலம் கட்டப் பணம் திரட்ட வேண்டும் என்று பேச்சு வந்தபோது, ஜனங்களிடம் கையேந்தாமல் தன் சொந்தச் சொத்தை எடுத்து வைத்தார். ஐம்பதாயிரம் ரூபாய் ஆனது என்று சொல்வார்கள். அந்தக் காலத்து ஐம்பதாயிரம்! 1843-ல் பாலம் திறந்தது. அவர் பெயரில் இன்றும் நிற்கிறது. அந்த ஆற்றின் கணக்கில் ஒரு தனிமனிதர் வைத்த வரவு அது. நாம் அதன்மேல் ஏறிப் போய்த்தான் அல்வா வாங்குகிறோம்.

மூன்றாவதாக, 2023 டிசம்பர் 17. பேய்மழை. தாமிரபரணி கரை மீறியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. சுமார் 800 பயணிகள். சுற்றிலும் தண்ணீர். வெளியிலிருந்து உதவி வந்து சேரும்வரை அவர்கள் வயிற்றைக் காப்பாற்றியது பக்கத்து ஊர் ஜனங்கள். இருந்த அரிசியைப் போட்டுப் பொங்கிக் கொடுத்தார்கள். யாரும் பில் நீட்டவில்லை.

அந்தப் பக்கத்துச் சாப்பாடு எது என்று என்னைக் கேட்டால், முதலில் அந்தப் பொங்கின சோற்றைத்தான் சொல்வேன். அப்படிச் சோறு போட்டவர்கள் குடிக்கிற தண்ணீரில்தான் நாம் ஷாம்பு போடுகிறோம்.

*

சரி, திருநெல்வேலிக்குப் போகவே கூடாதா?

போங்கள். அவசியம் போங்கள். ஆனால் பார்சல் வாங்கப் போகிறவர் மாதிரிப் போகாதீர்கள். விருந்தாளி மாதிரிப் போங்கள்.

அருவியில் வெறும் தண்ணீரில் குளியுங்கள். மலையிலிருந்து அந்த வேகத்தில் விழுகிற தண்ணீர் போக்காத அழுக்கையா உங்கள் சோப்பு போக்கிவிடப் போகிறது? துணியை ஆற்றில் விடச் சொல்லும் ஜோசியரிடம், “எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது, காட்டுங்கள்” என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கொண்டுபோன பாட்டிலை வேனிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள்.

ஒரு சாயங்காலம் அல்வாக் க்யூவுக்குப் போவதற்கு முன்னால் குறுக்குத்துறைப் படித்துறையில் அரை மணி உட்காருங்கள். போனைப் பைக்குள் போடுங்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பாலத்தின் கதையைச் சொல்லுங்கள்.

ஒரு வேளையாவது அந்த ஊர்ச் சாப்பாட்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். சொதி இருக்கிறது. தேங்காய்ப்பாலில் காய்கறி, பாசிப்பருப்பு போட்டுக் கொதிக்கவைத்து, எலுமிச்சை பிழிந்து, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலோடு போடுவார்கள். நெல்லைச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் விருந்து. கூட்டாஞ்சோறு இருக்கிறது. உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் இருக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? அறுநூறு கிலோமீட்டர் பயணம் செய்து அங்கே போய் உட்கார்ந்து, “கோபி மஞ்சூரியன் இருக்கா?” என்கிறோம். பத்து டேபிளில் ஒன்பது டேபிள் அதைக் கேட்டால், சொதிக்குத் தேங்காய் துருவ ஓட்டல்காரருக்கு என்ன பைத்தியமா? ஆற்றுக்கு நாம் செய்வதைத்தான் அடுப்புக்கும் செய்கிறோம். கேட்கிற ஆள் இருக்கும்வரைதான் எந்த ஊர்ச் சமையலும் கடைக்கு வரும்.

மாநகராட்சிக்கும் ஒரு வார்த்தை. என்னிடம் காசு கேளுங்கள் அய்யா. அருவிக்கு வருகிறவனிடம், லாட்ஜில் தங்குகிறவனிடம், ஆளுக்கு ஐம்பது ரூபாய் ‘ஆற்றுக் காசு’ என்று வாங்குங்கள். வாங்கியதை அப்படியே சாக்கடையைத் திருப்பிவிடுகிற வேலைக்குச் செலவழியுங்கள். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று படித்துறையிலேயே போர்டு எழுதி வையுங்கள். கணக்குக் காட்டினால் நம் ஜனங்கள் கொடுப்பார்கள். கணக்கு இல்லாத உண்டியலில்கூடப் போடுகிறவர்கள்தானே!

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“அடுத்த தடவை போகும்போது அந்தப் பாலத்துல வண்டியை ஓரங்கட்டச் சொல்றேன் சார்” என்றார்.

பாலத்தில் வண்டியை நிறுத்தினால் டிராஃபிக் போலீஸ் ஃபைன் போடுவார். இறங்கி நடந்து போகச் சொல்லியிருக்கிறேன்.